ஆட்டுக்குக் கூலி, பிள்ளைக்கு மதிப்பூதியம்

வா அம்முணி, வா. செல்போனை அப்படித் தலைக்கு மேல தூக்கிட்டு வர்றயே, கல்லெடுத்து எறிய வர்றான்னு நெனச்சு என்ற நாய் கொறைக்குது பாரு. அந்த வேப்பந்தூருக்குப் போய் நில்லு. வடக்கால திரும்பு. இடுப்புல இருக்கற பிள்ளையைச் சித்த சாய்ச்சுப் பிடி. அங்கதான் டவர் எடுக்கும். பால்வாடிக்குக் கட்டடம் கட்டினவனுக்குச் சுவத்துல முயல் படம் வரையத் தெரிஞ்சுது, டவர் எட்டற எடமாப் பாக்கத் தெரியலை. போகட்டும். நீ வர்றதால எனக்கும் பழமை பேச ஆள் ஆச்சு. இந்த வயசுல சர்க்கார்ல இருந்து எனக்கு ஊடு தேடி வர்ற ஒரே உதவி நீதான்.

என்ன சொல்லுது மிசினு? மூஞ்சி ஒத்து வரலையா? யாரு, இந்தப் பிள்ளையோட ஆத்தாளா? அட, அவ ஆதாருக்குப் படம் பிடிச்சப்ப ஒடிசாவுல கண்ணாலம் ஆகாத புள்ளையா இருந்திருப்பா. இப்ப ரெண்டு பெத்து, வெடியால இருந்து பொழுதோட வரைக்கும் களத்துல தேங்காப் பருப்பைத் திருப்பிப் போட்டு, பருப்போட சேந்து அவளுமில்ல காயறா. தாலி கட்டினவனே ரெண்டு தடவை பாத்துத்தான் கூப்புடுவான். டெல்லிக்கு எப்படி அடையாளம் தெரியும்? 2021-ல போஷன் டிராக்கர்னு இந்த ஆப்பைக் கொண்டாந்தப்ப, இனி நோட்டு எழுதற வேலை மிச்சம்னு சந்தோசமாச் சொன்னே. இப்ப நோட்டும் எழுதறே, ஆப்பையும் அமுக்கறே. 2025 ஜூலையில இருந்து சத்துமாவு குடுக்கறதுக்கு மூஞ்சி வேற காட்டோணும், கண்ணைச் சிமிட்ட வேற செய்யோணும்ங்கறாங்க. பேங்குல கோடிக்கணக்குல வாங்கிட்டு ஏரோப்ளேன் ஏறறவன் மூஞ்சியை ஒருத்தனும் பாக்கலை. ரெண்டு பாக்கெட் மாவு வாங்கறவளைக் கண்ணைச் சிமிட்டு, சிமிட்டுங்கறாங்க.

சரி, அது சுத்தட்டும். நீ இந்தக் கல்லுல உக்காரு. உனக்கு ஒரு கணக்குச் சொல்றேன். படிச்சவ நீ, தப்பா இருந்தா திருத்து.

என்ற பட்டியில இப்ப 22 செம்மறி. மேய்க்கற பையனுக்குச் சோறு போட்டு, தீவாளிக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்து, மாசம் பொறந்தா கையில காசு வெக்கறேன். அதுக்குப் பேரு கூலி. ரெண்டு நாள் தாமசமாச்சுன்னா அவன் பட்டிப் படலைத் தொறந்து விட்டுப்போட்டு டீக்கடையில போய் உக்காந்துக்குவான். ஆடு போய் எவன் வெள்ளாமையில வாய் வெச்சாலும் பஞ்சாயத்து எனக்குத்தான். அதனால மொதத் தேதி மொதக் காசு அவனுக்கு. இப்ப நீ. 25 பிள்ளை உன்ற பட்டியில. என்ற ஆடு எதுவும் ‘ஒண்ணுக்கு வருது டீச்சர்’னு சொல்லாது. ஒண்ணு கடிச்சுதுன்னு இன்னொண்ணோட ஆத்தா சண்டைக்கு வர மாட்டா. சோறு ஊட்ட வேண்டாம், பாட்டுச் சொல்ல வேண்டாம், மாசா மாசம் எடை போட்டு மேலுக்கு எழுத வேண்டாம். ஆடு மேய்ச்சா கூலி. பிள்ளை மேய்ச்சா மட்டும் என்னமோ மதிப்பூதியம்ங்கறாங்க.

அந்த வார்த்தையை எவன் கண்டுபிடிச்சானோ, அவன் நெம்பப் பெரிய தரகனாத்தான் இருக்கோணும். நம்ம பக்கம் பொண்ணுக்குச் சாதகம் கொண்டார தரகன், எடுத்த எடுப்புல ‘மரியாதையான குடும்பமுங்க’ன்னு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்? காடு தோட்டம் ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். காசு இருக்கற எடத்துல மரியாதையைப் பத்தி யாரு பேசறா? கலெக்டருக்கு மதிப்பூதியம்னு எங்கயாவது கேட்டிருக்கயா? அவருக்குச் சம்பளம், படி, அதுக்கு மேல ஒரு படி. மதிப்பு தன்னால வந்துக்கும்.

டெல்லிக் கணக்கைச் சொல்றேன் கேளு. 2018 அக்டோபர்ல ஏத்தினாங்க. டீச்சருக்கு 3000-ல இருந்து 4500, ஆயாவுக்கு 1500-ல இருந்து 2250. இதுலயும் முழுக்க அவுங்க காசு இல்லை. நூத்துக்கு 60 அவுங்களது, 40 மாநிலத்தோடது. 4500-ல அவுங்க பங்கு 2700. முப்பதால வகுத்துப் பாரு. நாளுக்கு 90 ரூபாய். ஆயாவுக்கு 45. நாடு பூரா ஒரு 14 லட்சம் அங்கன்வாடி, அதுல வளர்றதுதான் நாளைக்கு நாட்டைத் தாங்கப்போற பிள்ளைன்னு மேடைக்கு மேடை சொல்றாங்க. தாங்கறதுக்குத் தூணு வேணும்னா கொத்தனாருக்கு 45 ரூபாயா குடுப்பே?

நம்ம மாநிலத்துல அதுக்கு மேல போட்டுத் தர்றாங்க, பொய் சொல்லப் படாது. சிறப்புக் காலமுறை ஊதியம்னு டீச்சருக்கு 7700-ல ஆரம்பிச்சு 24,200 வரைக்கும் ஏணி சாத்தியிருக்காங்க. ஆயாவுக்கு 4100-ல இருந்து 12,500. ஏணி நெம்ப உசரம், ஏறி முடிக்கறதுக்குள்ள ரிட்டயர் ஆகிப்போடும். அப்பறம் அந்த ‘சிறப்பு’ன்னு முன்னால ஒண்ணு போட்டிருக்காங்களே, அதைக் கவனிச்சயா? கண்டக்டர் ‘இது சிறப்புப் பேருந்துங்க’ன்னா அந்த ஊர்ல நிக்காதுன்னு அர்த்தமில்ல? அந்த மாதிரி இதுவும் மத்த சர்க்கார்க்காரங்க இருக்கற எடத்துல போய் நிக்காது. 2025-ல 7783 எடம் காலியாக் கெடக்குதுன்னு ஆள் எடுக்க விளம்பரம் குடுத்தாங்களே, மொத வருசம் ஆயாவுக்கு 4100 தொகுப்பூதியம்னு. நாளுக்கு 136 ரூபாய் வருது. இதை என்ற ஆட்டுப் பையன்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதே. சர்க்காரைப் பாத்து நானும் கத்துக்கிட்டேன்னு அவன் பயந்துக்குவான்.

நான் ஒரு ரோசனை சொல்றேன். நீயும் வாரத்துக்கு வளக்கறதா எழுதி வாங்கிக்கோ. நம்மூர்ல ஒரு பெட்டை ஆட்டை வளக்கக் குடுத்தா, போடற குட்டியில சரிபாதி வளத்தவனுக்கு. நீ இந்தப் பத்து வருசத்துல இருநூறு பிள்ளை வளத்திருப்பயா? வாரக் கணக்குல நூறு பிள்ளை உனக்கு. நாளைக்கு அதுக சம்பாரிக்கறப்ப உன்ற ஊட்டு வாசல்ல வரிசையில நின்னு குடுத்துப்போட்டுப் போகோணும். சிரிக்காதே. உன்ற பில்லை ஒரு மாசமா மேசை மேலயே வெச்சிருக்கான்னு சொன்னயே அந்த ஆபீஸ்ல, அந்தப் பையனுக்கு மூணு வயசு வரைக்கும் மூக்கு நிக்காம ஒழுகும். தொடச்சு விட்டது என்ற ஊட்டுக்காரி. அவ வாரம் எழுதி வாங்கியிருந்தா அவன் இன்னைக்கு எந்திரிச்சு நின்னு பில்லு போட்டிருப்பான்.

ஆமா, உனக்குத் தெரியாது. அவ ஆயாவா இருந்தா. 1983-ல சேந்தா. அதுக்கு மொத வருசம் ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில பிள்ளைங்களோட உக்காந்து சத்துணவை ஆரம்பிச்சு வெச்சார். ரெண்டு வயசுப் பிள்ளைக்கெல்லாம் சர்க்கார் சோறு போடுமான்னு எங்க டீக்கடையில ஒரே சிரிப்பு. சிரிச்சவன் எல்லாம் மக்கா நாளே பேத்தியைத் தூக்கிட்டு வரிசையில நின்னான். நானும் நின்னேன், எதுக்கு மறைக்கோணும். அதுக்கும் முன்னால 1980-ல, மதுரைப் பக்கம் கோட்டாம்பட்டியில உலக பேங்குக் கடன் வாங்கி ஒரு திட்டம் ஆரம்பிச்சிருந்தாங்க. மாசா மாசம் பிள்ளையை எடை போட்டு, எடை ஏறாததுக்கு மட்டும் தனியா மாவு. இன்னைக்கு நீ போடற எடைக்கெல்லாம் அதுதான் தாத்தா. டெல்லிக்காரங்களோட அங்கன்வாடித் திட்டம் 1975-ல, அக்டோபர் 2, 33 ப்ளாக்குல. காந்தி பொறந்த நாளாப் பாத்து ஆரம்பிச்சிருக்காங்க. அவரு ஒத்தைத் துணியோட இருந்த படத்தை மாட்டிட்டுத்தான் உங்க சம்பளத்தைப் போட்டாங்களோ என்னமோ.

என்ற ஊட்டுக்காரி 25 வருசம் விறகு ஊதினா. கேஸ் அப்பறம்தான் வந்துது. அவ கடைசியா வாங்கிட்டு வந்த பணத்துல ஒரு எருமை வாங்கினோம். 25 வருசத்துக்கு ஒரு எருமை. அந்த எருமைக்கு நான் ‘மதிப்பு’ன்னு பேரு வெச்சேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டா மூணு நாளைக்கு என்கூடப் பேச மாட்டா. எருமை நல்ல எருமை. வேளைக்கு நாலு லிட்டர்.

சரி, அது கெடக்கட்டும், உன்ற கதைக்கு வருவோம். உனக்குக் காசு எச்சா வேணுமா? ஒரு குறுக்குவழி இருக்குது. 2005-ல நூறு நாள் வேலைக்குச் சட்டம் போட்டாங்களே, அதுல ஒண்ணு எழுதியிருந்தாங்க. வேலை செய்யற எடத்துக்கு ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு பிள்ளையோ அதுக்கு மேலயோ கூட வந்தா, ஒரு பொம்பளை மம்முட்டியைக் கீழ வெச்சுப்போட்டு அதுகளைப் பாத்துக்கலாம், அவளுக்கும் கூலி உண்டுன்னு. 2024-25-ல நம்ம மாநிலத்துக்கு அந்தக் கூலி நாளைக்கு 319 ரூபாய். இப்ப ரோசிச்சுப் பாரு. அதே பிள்ளை, அதே ஒழுகற மூக்கு, அதே பொம்பளை. பால்வாடிக்குள்ள பாத்தா அது சேவை, குட்டைக்கரை மரத்தடியில பாத்தா அது வேலை. பேசாம நாளைக்கு 25 பிள்ளையையும் வரிசையாக் கயிறு பிடிக்க வெச்சுக் குட்டைக்கரைக்கு ஓட்டிட்டுப் போயிரு. டவர் அங்கயும் எடுக்காது, அந்த நிம்மதியும் சேந்து கெடைக்கும்.

இல்லையா? போராட்டம் பண்ணப் போறீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. உங்களுக்கு மதிப்பு ஏறறது அன்னைக்கு ஒரு நாள்தான். ஆந்திராவுல என்ன நடந்துதுன்னு பேப்பர்ல படிச்சயா? 2023 டிசம்பர் 12-ல ஆரம்பிச்சு 42 நாள் உக்காந்தாங்க. சம்பளம் கேட்ட வரைக்கும் அவுங்க மதிப்பூதியத் தொண்டருங்க. உக்காந்துட்டே இருந்தாங்கன்னதும் ஜனவரி 6-ஆம் தேதி எஸ்மாச் சட்டத்தைப் போட்டாங்க, இது அத்தியாவசியச் சேவைன்னு. பாத்தயா சங்கதியை! வேலை செஞ்சா நீ தொண்டு. செய்யாம உக்காந்தா நீ கரண்டு, தண்ணி, ஆஸ்பத்திரி. என்ற ஊட்டுக்காரியும் ஒரு தடவை கோவிச்சுட்டு அவ அப்பன் ஊட்டுக்குப் போனதுக்கு அப்பறம்தான் அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னே எனக்குத் தெரிஞ்சுது. ஆனா நான் எஸ்மா போடலை. போய்க் கூட்டிட்டு வந்தேன்.

அதுக்காகக் கோர்ட்டு கைவிட்டுதுன்னு சொல்ல மாட்டேன். குஜராத்துல தாகோத் ஜில்லாவுல உன்னை மாதிரிப் பொம்பளைங்க பணிக்கொடை கேட்டுக் கேசு போட்டு, அது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2022 ஏப்ரல்ல தீர்ப்பு. பேரு மதிப்பூதியமா இருந்தாலும் அது ஊதியம்தான், 1972-ஆம் வருசத்துப் பணிக்கொடைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்னு. மதிப்பைச் சொரண்டிப் பாத்தா உள்ள ஊதியம் இருக்குதுன்னு கண்டுபிடிக்க, திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து 47 வருசம் ஆகியிருக்குது. 2013-ல இந்தியத் தொழிலாளர் மாநாட்டுலயே உங்களைத் தொழிலாளின்னு சொல்லோணும், குறைஞ்சபட்சக் கூலி குடுக்கோணும்னு பேசி எழுதி வெச்சாங்க. எழுதின பேப்பரை யாரோ பத்திரமா வெச்சிருக்காங்க. அந்த எடத்துலயும் டவர் எடுக்கலை போல.

சோத்துக் கணக்கு இதைவிட வேடிக்கை. பிள்ளைக்கு நாளைக்கு 8 ரூபாய்னு 2017-ல டெல்லியில போட்டாங்க, அதுல பாதி அவுங்க, பாதி மாநிலம். 2025 பட்ஜெட்டுல ‘உயர்த்துவோம்’னு ஒரு வரி வந்துது. எங்க பஸ் ஸ்டாப்புல 8 ரூபாய்க்கு டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக் காட்டுவார், அவ்வளவுதான். நம்ம ஊர்ல வாரம் மூணு முட்டை போடறாங்கங்கறதால பிள்ளைங்க முழியில வெளிச்சம் இருக்குது. அது பெரிய காரியம். வடக்க பல ஊர்ல முட்டையைப் பாத்தாலே சாமி குத்தம்ங்கறாங்க. ஆனா நீ சாக்கிரதையா இருக்கோணும். பிள்ளை இளைச்சிருந்தா மாவு எங்க போச்சும்பாங்க. கொழுத்திருந்தா மாவு எதுக்கும்பாங்க. அதனால அதிகாரி வர்ற அன்னைக்கு ஒல்லியா நாலு, குண்டா நாலு முன் வரிசையில உக்கார வெச்சிரு. மத்ததெல்லாம் தூங்கட்டும்.

என்ற பேரனைக் கேளு, பால்வாடிக்கெல்லாம் பிள்ளையை அனுப்புனா கௌரவம் போயிருமாம். டவுன்ல ஏ.சி. போட்ட பிளே ஸ்கூல்ல சேத்து 45,000 கட்டியிருக்கான். மஞ்ச வேன் வந்து தூக்கிட்டுப் போகுது. நான் ஒரு நாள் கூடப் போனேன். அங்க இருக்கற மிஸ்ஸுப் புள்ளைகிட்டப் பக்குவமாக் கேட்டேன், மாசம் எவ்வளவு கண்ணுன்னு. 6000-ங்க அப்பாருன்னு சொன்னா, அதுவும் மே மாசம் கெடையாதாம். ரெண்டு பிள்ளை ஃபீசுக்கு ஒரு வருசத்துக்கு ஒரு மிஸ்ஸே கெடைக்கறா. நீயாவது மேல ஒருத்தரைத் திட்டிக்கலாம். அவ யாரைத் திட்டுவா, ஏ.சி.யையா?

கம்பெனிக்காரங்க அதைவிடக் கெட்டி. 2017-ல சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல பிள்ளைங்களைப் பாத்துக்க ஓர் எடம் இருக்கோணும்னாங்க. அதுல இருந்து நம்ம பக்கம் பல முதலாளிங்களுக்கு 49-க்கு மேல எண்ணத் தெரியலை. இந்தப் பிள்ளையோட ஆத்தா வேலை செய்யற களத்துல எத்தனை பேருன்னு கேட்டுப் பாரு. வெய்யில்ல எண்ண முடியாதும்பாங்க.

அதனாலதான உன்ற பால்வாடியைப் பூட்டினதுக்கு அப்பறமும் இவன் உன்ற இடுப்புல இருக்கறான்? களத்துல பொழுது உளுந்துதான் விடுவாங்க. அது வரைக்கும் நீ இவனைத் தூக்கிட்டே ஆப்பு அமுக்கோணும், வாக்காளர் பட்டியலுக்கு ஊடு ஊடாப் போகோணும், போலியோ சொட்டு மருந்துக்குத் தாக்கல் சொல்லோணும். அந்த மிசினுல இதுக்கு ஒரு கட்டம் இருக்குதா? ‘சாயங்காலம் நாலுக்கு மேல ஒடிசாப் பிள்ளையைச் சொமந்தது’ன்னு? இருந்தாலும் அமுக்காதே. அதுக்கும் ஒரு போட்டோ கேப்பாங்க.

குடு, அவனை இப்படிக் குடு. டேய் சின்னப் பண்ணாடி, வா. இந்தா பாரு குட்டி. கருப்புக் குட்டி. பாத்தயா அம்முணி, ‘ஆடுங்க’ங்கறான்! ஒடிசாவுல பொறந்தவனுக்கு ‘ங்க’ போடச் சொல்லிக் குடுத்திருக்கே பாரு, இந்த ஒண்ணுக்கே உனக்கு... சரி, நானும் மதிப்பைக் குடுத்துப் போடப் பாத்தேன். வாய் பழகிப்போச்சு.

நீ போய் அந்தத் தூருல நின்னு மிசினைப் பாரு. அவ மூஞ்சி ஏறலைன்னா அவ வர்ற வரைக்கும் உக்காந்திரு, நேர்ல நிக்க வெச்சுக் காட்டு. அது வரைக்கும் இவனை நான் வெச்சுக்கறேன். பட்டிக்குள்ள ரெண்டு குட்டி, வெளிய இவன் ஒருத்தன், மொத்தம் மூணு.

என்னது? எனக்கு எவ்வளவு குடுக்கோணுமா? கேக்கறதைப் பாரு! ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டு வெத்தலை, கொட்டைப் பாக்கு நாலு. ரொக்கமா. இன்னைக்கே. கூலின்னு சொல்லிக் குடு, இல்லைன்னா நான் வாங்க மாட்டேன்.